கரையேறாத பூப்பிரட்டைகள்

குருவிமட்டம் எஸ்டேட்டின் கீழ் டிவிஷனில் பிள்ளைகள் வளர்வது நின்றுபோன அந்த வருஷம், மழை எப்போதும் போல மேற்கு மலையைத் தாண்டித்தான் வந்தது, எப்போதும் போலத் தேயிலை மேட்டின் மேல் நின்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு லைன் வீடுகளின் தகரத்தில் இறங்கியது, ஆனால் திரும்பிப் போகிற வழியை மறந்த விருந்தாளி போல ஆடி முடிந்தும் போகாமல், ஆவணி முடிந்தும் போகாமல், தீபாவளிக்கு வாங்கிய வெடியெல்லாம் நமுத்து, கயிற்றில் போட்ட துணியெல்லாம் காளான் வாசம் அடித்து, மனிதர்கள் பக்கத்தில் இருப்பவரிடமும் கத்திப் பேசியே பழகிப் போகும்வரை பெய்துகொண்டிருந்தது.

அந்த மழையில்தான் சொரிமுத்துவின் மனைவி தங்கபுஷ்பம் காய்ச்சலில் போனாள். சொரிமுத்து பேக்டரியில் இலை உருட்டும் மிஷினில் வேலை பார்த்தான். அவனுடைய வலது கைக் கட்டைவிரலின் மேல்பாதி எப்போதோ அந்த மிஷினுக்குள் போய்விட்டது. மிச்சமிருந்த பாதியும் மற்ற விரல்களும் இலைச்சாற்றில் ஊறி ஊறி, எந்த சோப்புக்கும் அசையாத கருப்பில் இருந்தன. அது அவனுக்கு மட்டும் அல்ல. கொழுந்து கிள்ளுகிற பெண்களுக்கும், மூட்டை தூக்குகிற ஆண்களுக்கும், அந்த டிவிஷனில் உழைத்துச் சாப்பிடுகிற எல்லோருக்கும் விரல் கருப்புதான். வெள்ளைச் சோற்றைப் பிசைந்தாலும் அந்தக் கருப்பு சோற்றில் ஒட்டாது என்பதால் யாரும் அதைக் கறை என்று நினைத்ததில்லை.

அவனுக்கு மிஞ்சியது ஒரே மகள், அன்னக்கொடி. கொடி என்று கூப்பிடுவார்கள். முன்பல் ஆட ஆரம்பித்திருந்த வயசு.

குருவிமட்டத்தில் குடிதண்ணீர் என்றால் ஊத்துக்குழித் தண்ணீர்தான். பாறைக்கு அடியிலிருந்து ஊறுகிற அந்தக் குழியில் நீரரணைகள் உண்டு. தரையில் ஓடுகிற அரணையின் பளபளப்பு அதற்குக் கிடையாது. நனைந்த களிமண்ணை உள்ளங்கையில் உருட்டி வால் வைத்தது போல இருக்கும், கூச்சப்படும், கல்லுக்கடியை விட்டு வெளியே வராது. வெளியே தெரிவது அதன் குஞ்சுதான். தவளையின் தலைப்பிரட்டையைவிட நீளமாக, குச்சிக் கால்கள் நான்கோடு, கழுத்தின் இரண்டு பக்கமும் சேவல்கொண்டை நிறத்தில் சிறகு சிறகாக விரிந்த செவுளோடு, ஒரு பூமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நீந்துவது போல நீந்தும். பூப்பிரட்டை என்று அதற்குப் பெயர்.

வீட்டில் எத்தனை பிள்ளையோ அத்தனை பூப்பிரட்டையை மழைக்கு மழை சிரட்டையில் மொண்டுவந்து தண்ணீர் டிரம்மில் விடுவது டிவிஷனின் வழக்கம். அது கொசுப்புழுவைத் தின்னும். எது எந்தப் பிள்ளையுடையது என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது, பிரட்டைக்குத் தெரியும். நாள் போகப் போகக் கழுத்துப்பூ வாடிச் சுருங்கி உள்ளே போய்விடும். பிறகு ஒரு நாள், டிரம்முக்குள் சாய்த்து வைத்த குச்சியைப் பற்றிக்கொண்டு கரையேறி, யார் கண்ணிலும் படாமல் போய்விடும். அன்றைக்கு வாசற்படியில் ஒரு துண்டு வெல்லம் வைப்பார்கள். பிள்ளைக்கு ஒரு வயசு கூடிவிட்டது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் வாத்தியார் வயசு கேட்பார், தாய்மார் "அஞ்சு பிரட்டை ஏறிடுச்சு சார்" என்பார்கள், அவரும் அப்படியே எழுதிக்கொள்வார். பிரட்டையைத் தொடக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. தொட வேண்டிய தேவை யாருக்கும் வந்ததில்லை.

அந்த நீண்ட மழையில் பிரட்டைகள் தாமதித்தன. சிலது ஏறிவிட்டன, சிலது ஏறவில்லை. வேறொரு வருஷமாக இருந்தால் மழை விடட்டும் என்று விட்டிருப்பார்கள். ஆனால் சொரிமுத்து அப்போதுதான் ஒருத்தியைப் புதைத்துவிட்டு வந்திருந்தான். தினமும் வேலை முடிந்து வந்ததும் டிரம்முக்குள் கையை விட்டு, கொடியின் பிரட்டையைக் கழுத்தோடு பிடித்துத் தூக்கி, பூ வாடியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பான். அது அவன் விரலுக்கு நடுவில் சின்ன வாயைத் திறந்து மூடும். வாடவில்லை. மறுபடி விடுவான். ஒரு நாள் காலையில் பேர் கூப்பிட்டு மஸ்டர் எடுக்கிற இடத்தில், "உங்க வீட்டுல ஏறிட்டா?" என்று பக்கத்து வீட்டுச் சீனியம்மாளிடம் கேட்டான். அவள் இல்லை என்றாள், அன்று மாலை அவளும் கையை விட்டாள். அவளைப் பார்த்து அடுத்த வீடு. பயம் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நெருப்புக் கங்கு வாங்கிப் போவது போலப் போயிற்று.

மழை விட்டது. பிரட்டைகள் ஏறவில்லை. அந்தப் பிரட்டைகளுக்குரிய பிள்ளைகளும் வளரவில்லை.

முதலில் அது உயரம் பார்க்க நிலைக்கட்டையில் போட்ட கரிக்கோட்டில் தெரிந்தது. பிறகு பாவாடையில் தெரிந்தது. ஒரு பொங்கலுக்கு எடுத்த பாவாடை அடுத்த பொங்கலுக்கும் கணுக்காலில் சரியாக நின்றது. கொடியின் முன்பல் ஆடிக்கொண்டே இருந்தது. நாக்கால் தள்ளினால் முன்னால் சாயும், விட்டால் பின்னால் வரும், விழாது. அவளுக்கும் சீனியம்மாளின் மகன் மூக்காண்டிக்கும், ஒரே வயசு என்பதால், யாருக்கு முதலில் பல் விழும் என்று பந்தயம். இரண்டு மழை வந்து போயிற்று. பந்தயம் முடியவில்லை.

மனிதர்கள் எதற்கும் பழகிவிடுகிறவர்கள், குருவிமட்டமும் பழகிக்கொண்டது. வளராத பிள்ளைகளை வாத்தியார் ஒரே வகுப்பில் வைத்திருந்தார். அவர் பாடத்தை ஆரம்பிக்கும் முன்னால் அவர்கள் முடித்தார்கள், அவர் சொல்லும் வேடிக்கைக்கு அவர் சொல்லும் முன்பே சிரித்தார்கள். ஒரே வீட்டில் தம்பியின் பிரட்டை ஏறி அண்ணனின் பிரட்டை தங்கிய இடத்தில், தம்பி உயர்ந்துகொண்டே போக, பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு அண்ணனுக்குக் கூச்சமாகி, ஒரு நாள் சோறு பரிமாறும்போது அவனே தம்பியை "அண்ணே, உப்பு எடு" என்றான், தாய் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள், பிறகு அதுவும் வழக்கமாயிற்று. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் முளைப்பாரி தூக்குகிற சிறுமிகளுக்குப் புதுத்துணி தைக்க வேண்டியதில்லை என்று தையல்காரர் குறைப்பட்டுக்கொண்டார். மேல் டிவிஷனிலிருந்து ஒரு தாய், வைத்தியர்கள் கைவிட்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் நடந்து வந்து, "இதுக்கு மேல இவனுக்கு வயசு ஆக வேணாம். உங்க டிரம்முத் தண்ணி ஒரு சொம்பு குடுங்கம்மா" என்று வீடு வீடாகக் கேட்டாள். கொடுத்தார்கள்.

குடிகார வெயிலுமுத்துவின் வீட்டில் மட்டும் நாலு பிள்ளைகளும் சுரைக்கொடி போல வளர்ந்தார்கள். மூத்தவனுக்கு மீசை அரும்பிவிட்டது.

"ஏ வெயிலு, உன் டிரம்முல என்னய்யா போடுதே? சாராயமா?" என்று கேட்பார்கள்.

"டிரம்மா? எந்த டிரம்மு?" என்பான் அவன். அவன் வீட்டில் டிரம் இருப்பதையே அவன் பார்த்ததில்லை. அவன் மனைவி பிரட்டையை மொண்டுவந்து விட்டதோடு சரி, கூலிக்கும் அவன் பின்னாலும் ஓடியே நேரம் போதாமல் இருந்தாள். எல்லோரும் சிரித்துவிட்டு, குடிகாரனுக்குக் கடவுள் துணை என்று சொல்லிக்கொண்டார்கள். சொரிமுத்துவும் சிரித்தான்.

பயம் சிரிப்புக்கு அடியில் இருந்தது, பிறகு மேலே வந்தது. ஒரு காலையில் சீனியம்மாள் மூக்காண்டிக்கு எண்ணெய் தேய்க்கும்போது, இரண்டு காதுகளுக்கும் பின்னால், முடிக்குள், கோழிக்குஞ்சின் பூஞ்சிறகு போலச் சிவப்பாக ஏதோ துளிர்த்திருப்பதைப் பார்த்தாள். அவள் கத்தவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு சொரிமுத்துவின் வீட்டுக்கு வந்தாள்.

"தம்பி, உன் மகளைக் கூப்பிடு."

"என்ன மதினி?"

"கூப்பிடுன்னா கூப்பிடேன்."

கொடியின் முடியை விலக்கிப் பார்த்தாள். இன்னும் இல்லை. பெருமூச்சு விட்டாள், அது நிம்மதியா பொறாமையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

அன்றிலிருந்து சொரிமுத்து காலையில் மகளுக்குத் தலைவாரும்போது காதுகளின் பின்னால் விரலை வைத்துத் தடவிப் பார்ப்பான், மாலையில் டிரம்முக்குள் கையை விடுவான். இரண்டுக்கும் நடுவில் மிஷின் முன்னால் நிற்கும்போது அவன் நினைப்பு டிரம்முக்குப் போகும். அந்த மிஷின் முன்னால் நினைப்பு வேறெங்கும் போகக்கூடாது. போகும்.

நல்ல பிரட்டை எது, தங்கிப் போகிற பிரட்டை எது என்று முன்கூட்டியே தெரிந்தால் தங்குவதைப் பொறுக்கி எடுத்துவிடலாமே என்ற பேச்சு எழுந்தது. குழியில் எப்படியோ இரண்டு சாதி கலந்துவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். நம்பினால் பயத்துக்கு ஒரு உருவம் கிடைத்தது. துணி துவைக்கிற கல்லின் மேல் வெள்ளைத் தட்டுகளை வரிசையாக வைத்து, பிள்ளை வளராத ஒவ்வொரு வீட்டுப் பிரட்டையையும் விட்டு, தலைகள் முட்டிக்கொள்ளக் குனிந்து பார்த்தார்கள். பின்னங்காலில் ஐந்து விரல் இருந்தால் நல்லது, நான்கு இருந்தால் கெட்டது என்றார் ஒருவர். நான்கு விரல் இருந்ததற்கு மறுவாரம் ஐந்தாவது முளைத்துவிட்டது, எதுவோ கடித்திருந்தது அவ்வளவுதான். வாலின் மேல் இருக்கிற சவ்வு கழுத்திலிருந்து ஆரம்பித்தால் ஒன்று, இடுப்பிலிருந்து ஆரம்பித்தால் இன்னொன்று என்றார் வேறொருவர். தண்ணீரில் கழுத்திலிருந்து ஆரம்பித்த சவ்வு வெளியே எடுத்ததும் இடுப்போடு ஒட்டிக்கொண்டது. வயிற்றுப் புள்ளியைப் பார்த்தார்கள். தொட்டால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தார்கள். பிரட்டைகள் கையிலிருந்து கைக்கு மாறின.

ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஞானையா தன் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்தார். நல்ல மனுஷன், நடுச்சாமத்தில் கூப்பிட்டாலும் குடையைக் கூடத் தேடாமல் வருகிறவர். ஒரு முழு மத்தியானம் குனிந்து பார்த்துவிட்டு, கழுத்து பிடித்துக்கொள்ள நிமிர்ந்தார்.

"ஒண்ணு மாதிரியும் தெரியுது, ரெண்டு மாதிரியும் தெரியுது. பொய் சொல்லக் கூடாதுல்லா? எனக்குத் தெரியலம்மா" என்றார்.

அவர்மேல் மரியாதை கூடியது. ஆனால் தெரியவில்லை என்ற சொல்லை வைத்துக்கொண்டு யாரும் வீட்டுக்குப் போய்த் தூங்க முடியாது. அப்போதுதான் சீனியம்மாள் கவனித்துச் சொன்னாள். "பூவைப் பாருங்க. ஏறினதுக்கெல்லாம் பூ கடைசி வரைக்கும் செவப்பா இருந்துச்சு. இதுங்களுக்கு எல்லாம் பூ கருத்திருக்கு பாருங்க."

பார்த்தார்கள். உண்மைதான். அவள் வீட்டுப் பிரட்டையின் பூ அடுப்புக்கரி போலக் கருத்திருந்தது. வெயிலுமுத்துவின் டிரம்மில் எட்டிப் பார்த்தவர்கள் அங்கே நான்கும் சிவப்பு என்று வந்து சொன்னார்கள். அடையாளம் கிடைத்துவிட்டது. தெரியாமல் இருந்த பயத்தைவிட, தெரிந்துவிட்ட பயம் பெரிதாக இருந்தது.

சீனியம்மாள் துணிச்சல்காரி. புருஷன் ஓடிப்போன பிறகு தனியாக நின்று மகனை வளர்த்தவள். அன்றைக்கே தன் வீட்டுக் கருப்புப் பூப்பிரட்டையை எடுத்து அடுப்புச் சாம்பலில் போட்டாள். அது சாம்பலில் புரண்டு, ஒரு மாவுருண்டை போலாகி அசையாமல் போயிற்று. மூக்காண்டி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் அவன் காதின் பின்னாலிருந்த சிவப்பு விரிந்து தோளில் படிந்தது. அவனுக்குத் தாகம் எடுத்தது. குடித்தான், தீரவில்லை, தலையில் ஊற்றிக்கொண்டான், தீரவில்லை. மத்தியானம், எல்லோரும் மலையில் இருந்த நேரம், அவன் ஊத்துக்குழிக்கு நடந்து போய், படியில் செருப்பைச் சோடியாகக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே இறங்கினான்.

வேலை முடிந்து வந்தவர்கள் அவனை இழுத்து வெளியே போட்டார்கள். கரையில் அவன் மீன் போல வாய் திறந்து மூடினான், முகம் நீலமாயிற்று. தண்ணீரில் விட்டார்கள், சாதாரணமாக மூச்சு விட்டான். அதனால் அவனை அங்கேயே விட்டார்கள். வெயில் நேராக விழுகிற நேரத்தில் குழிக்குள் பார்த்தால், பாறையோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி, முடி பாசி போல அலைய, கழுத்தில் சிவப்புச் சிறகுகள் விரிந்து மடங்க, அவன் உட்கார்ந்திருப்பது தெரியும். டிவிஷன் அங்கே தண்ணீர் எடுப்பதை நிறுத்தவில்லை, வேறு தண்ணீர் இல்லை. குடத்தை மெதுவாக, அவன் தலையில் படாமல் இறக்கினார்கள். சீனியம்மாள் தினமும் சோற்றை உருண்டை பிடித்துக் கொண்டுபோய், கையைத் தோள்வரை தண்ணீருக்குள் விட்டு ஊட்டுவாள். ஊட்டிவிட்டு அவன் தலையையும் கன்னத்தையும் கழுத்துச் சிறகுகளையும் தடவிக்கொடுப்பாள்.

"நான் தாமசிச்சுட்டேன்" என்று எல்லோரிடமும் சொன்னாள். "கருப்பைப் பாத்த உடனே கொன்னுருந்தா எம்பிள்ளை தப்பிச்சிருப்பான். நீங்களாவது தாமசிக்காதீங்க." அவள் சொல்லுக்கு எதிர்ச்சொல் இல்லை, ஏனென்றால் அவள் பிள்ளை தண்ணீருக்குள் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத நாள், எல்லோருமாகச் செய்துவிடுவது என்று முடிவாயிற்று. டிரம்களை உருட்டிக்கொண்டு வந்து துவைகல்லின் பக்கத்தில் நிறுத்தினார்கள். நடுவில் ஒரு கூடைச் சாம்பல். பிள்ளைகள் தூரத்தில் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில், அவர்களுக்கே தெரியாமல் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முந்தின நாள்தான் சொரிமுத்து கொடியின் காதுக்குப் பின்னால் ஒரு சிவப்பைப் பார்த்திருந்தான். எறும்பு கடித்ததாக இருக்கும் என்று அவனுக்கு அவனே சொல்லிக்கொண்டிருந்தான்.

"முதல்ல உன்னோடது தம்பி" என்றாள் சீனியம்மாள். "பொம்பளை இல்லாத வீடு. நீ தள்ளிப் போடுவே. எனக்குத் தெரியும்."

"ஒரு தடவை பாத்துக்கிடுதேன் மதினி."

"பாத்துப் பாத்துதான் நாம இப்படி ஆனோம். எடு."

அவன் டிரம்முக்குள் கையை விட்டான். பிரட்டை அவன் கைக்குப் பழகியிருந்தது; ஓடவில்லை. கழுத்தோடு பிடித்து எடுத்து, கடைசியாக ஒரு தடவை என்று, வெள்ளைத் தட்டின் மேல் தூக்கிப் பிடித்தான். மேகம் கொஞ்சம் விலகியிருந்தது. வெளிச்சத்தில் பூ தெளிவாகத் தெரிந்தது.

மற்ற வீட்டுப் பிரட்டைகள் பல கைகள் பட்டவை. அவற்றின் பூ முழுக்கக் கருத்திருந்தது. கொடியின் பிரட்டையை அவன் யாரிடமும் கொடுத்ததில்லை, தட்டுகள் வைத்துப் பார்த்த நாளில்கூட. அதன் பூ முழுக்கக் கருக்கவில்லை. ஒரு பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கருப்பு. மறுபக்கத்தில் இன்னொரு கருப்பு, அகலமாக, ஆனால் குட்டையாக, மேலே வளையாமல் வெட்டினாற்போல் முடிந்திருந்தது.

அவன் விரலைக் கொஞ்சம் நகர்த்தினான். பிறகு பழைய இடத்தில் வைத்தான். பாதிக் கட்டைவிரல் அந்தக் கருப்பின் மேல் அச்சு போலப் பொருந்தியது.

இந்தக் கையால்தான் தினமும் மகளுக்குத் தலை வாரினான்.

"என்ன தம்பி, போடு" என்றாள் சீனியம்மாள். சாம்பல் கூடையை அவன் பக்கம் தள்ளினாள்.

அவன் பிரட்டையைத் தட்டுத் தண்ணீரில் நழுவவிட்டான்.

"மதினி, இது வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

அவன் அவளைப் பார்த்தான். சொன்னால் அவள் மகனை எந்தக் கை குழிக்கு அனுப்பியது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இங்கே நிற்கிற டிரம்கள் எல்லாம் காலியாகும்.

"ஏலே, வாயில கொழுக்கட்டையா? ஏன் வேண்டாம்? உன் மகளும் எம்மவன் கூடப் போயி உக்காரணுமா? அதுக்கா காத்துக்கிட்டிருக்கே?" அவள் சாம்பல் கூடையைத் தாண்டி வந்தாள். "பயந்தாங்கொள்ளி. நீ நகரு, நான் போடுதேன்." அவள் தட்டுக்குள் கையை நீட்டினாள்.

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். ஊர் நடுவில் ஒரு ஆண் ஒரு பெண்ணின் கையைப் பிடித்தது அந்த டிவிஷனில் அதற்கு முன் நடந்ததில்லை. அவள் விரல்கள் தண்ணீருக்கு மேல், வெள்ளைத் தட்டுக்கு மேல், விரிந்தபடி நின்றன. வெள்ளையின் மேல் அந்தக் கருப்பு தெரிந்தது, சோற்றின் மேல் ஒரு நாளும் தெரியாத கருப்பு. தண்ணீர் தொட்டிருந்த விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு, மெல்லிய மை போல, தட்டில் விழுந்து பரவியது. பிரட்டை அதிலிருந்து விலகி ஓரத்தில் ஒண்டியது.

சீனியம்மாள் தட்டைப் பார்த்தாள். அவன் பாதிக் கட்டைவிரலைப் பார்த்தாள். பிரட்டையின் கழுத்தைப் பார்த்தாள். பிறகு தன் கையை.

"தம்பி, நீ என்ன சொல்ல வாறே?"

"நான் ஒண்ணும் சொல்லல மதினி."

"சொல்லிராதே" என்றாள் அவள், மிக மெதுவாக. "சொல்லிராதே."

கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு அவள் போனாள். அங்கே நின்ற மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கைகளைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்கள். வெயிலுமுத்து மட்டும், அன்றைக்கும் குடித்திருந்தவன், "என்னய்யா, எல்லாரும் கோர்ட்டுல நிக்கிற மாதிரி நிக்கீங்க?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. டிரம்களை மெதுவாக, தண்ணீர் தளும்பாமல், உருட்டாமல், நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு வீடுகளுக்குப் போனார்கள். கூடைச் சாம்பல் மழையில் கிடந்து கரைந்தது.

கொல்வது அவ்வளவு கஷ்டமில்லை, பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டம் என்பது அதன் பிறகு தெரிந்தது. சொரிமுத்து டிரம்மை இறவாரத்துக்கடியில் வைத்து, புதுக் குச்சி சாய்த்து, மேலே கோணிச்சாக்கைப் போட்டு மூடினான். குடிக்க வேறு பானை வைத்துக்கொண்டான். கம்பவுண்டரின் மனைவியிடம் போய், "தங்கச்சி, கொடிக்குத் தினமும் தலை வாரி விடணும். காதுக்குப் பின்னால என்ன இருந்தாலும் எங்கிட்டச் சொல்லாதே" என்றான். அவளும் சொல்லவில்லை. சொல்லாத அவள் முகத்தைப் பார்த்து அவன் ஆயிரம் அர்த்தம் எடுத்துக்கொண்டான். மழைச்சத்தத்துக்கு நடுவே டிரம்மில் ஒரு சின்னச் சலனம் கேட்டால் அவன் உடம்பு எழுந்துகொள்ளும். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொள்வான். சலனம் கேட்காவிட்டால் இன்னும் மோசம். பேக்டரியில் நிற்கும்போது, சாக்குக்கு அடியில் அது செத்து மிதப்பதாகத் தோன்றும். கொடி தாகம் என்று ஒரு செம்பு தண்ணீருக்கு மேல் கேட்டால் அவள் எத்தனை மடக்கு குடிக்கிறாள் என்று எண்ணுவான்.

"எப்பா, என்னையே ஏன் பாக்கீங்க?"

"பாக்கலம்மா."

"பாக்கீங்க."

அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

அப்படியே ஒரு மழை போயிற்று. பனி வந்தது, தேயிலை கருகியது, வெயில் திரும்பியது. ஒரு மத்தியானம் அவன் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். கொடி உள்ளேயிருந்து, ஒரு கையில் கடித்த கொய்யாக்காயோடு, ஓடி வந்தாள்.

"எப்பா!" என்றாள். அந்தச் சொல்லில் எங்கோ காற்று கசிந்தது. மறுகையின் உள்ளங்கையை நீட்டினாள். அதில் ஒரு சின்ன வெள்ளைப் பல், வேரில் துளி ரத்தத்தோடு.

அவன் கோடாலியைக் கீழே வைத்தான். டிரம்மைப் பார்த்தான். கோணிச்சாக்கின் ஒரு மூலை விலகியிருந்தது. விளிம்பிலிருந்து தரைக்கும், தரையிலிருந்து வேலிக்கும், ஒரு ஈரக்கோடு, வெயிலில் கண்ணெதிரே உலர்ந்துகொண்டிருந்தது. அவன் வெல்லம் எடுக்க உள்ளே போனான்.

விழுந்த பல்லைச் சாண உருண்டையில் வைத்துக் கூரை மேல் எறிய வேண்டும். அவன் சாணம் எடுத்து வந்தபோது கொடி பல்லை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"முதல்ல மூக்காண்டிக்குக் காட்டணும். பந்தயம்லா?"

அவனுக்கு வேண்டாம் என்றுதான் வாயில் வந்தது. ஊத்துக்குழிக்கு அவளை அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவன் அழைத்துப் போனதில்லை. ஆனால் பந்தயம் பந்தயம்தான். போனார்கள்.

குழியின் கரையில் சீனியம்மாள் உட்கார்ந்திருந்தாள், தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அவள் பின்னால், தண்ணீர் தொடுகிற படியில், வாழையிலைத் துண்டில் சோறு இருந்தது. நீளக் கம்பால் தள்ளி வைத்திருந்தாள். இரண்டு கைகளும் பழைய துணியில் மணிக்கட்டுவரை சுற்றியிருந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் தண்ணீரைத் தொடவில்லை, அவனைப் பார்க்கவும் இல்லை, தினமும் வந்து முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து சோறு குறைகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு எழுந்து போகிறாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

கொடியைப் பார்த்தாள். வாயைப் பார்த்தாள்.

"விழுந்துட்டா?"

"விழுந்துட்டு பெரியம்மா!"

சீனியம்மாள் தலையை ஆட்டினாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. சொரிமுத்து அவளுக்குப் பக்கத்தில், அவனும் தண்ணீருக்கு முதுகைக் காட்டி, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவர்களுக்கு எதிரே, தண்ணீரைப் பார்த்தபடி, கொடி மட்டும் நின்றாள். அவள் கையில் கறை இல்லை.

"மூக்காண்டி!" என்று கத்தினாள். "நான்தான் ஜெயிச்சேன்! எனக்கு விழுந்துட்டு, பாரு!" பல்லைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

காற்று இல்லை. தேயிலை மேட்டில் எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டிவிட்டு நிறுத்தியது. பிறகு அவர்களின் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் ஒரு தடவை புரண்டது. சோற்றுக்கு வருகிற சத்தம் அல்ல, அதைவிடப் பெரிது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கல்லில் விழுந்தது. கல்லின் மேல் ஈரமாக ஏதோ அப்பி வைத்தது போல ஒரு சத்தம், நின்று, இன்னொரு சத்தம். ஒரு சிறுவனின் இருமல் போல ஒன்று.

சொரிமுத்து திரும்பவில்லை. துணி சுற்றிய கையால் சீனியம்மாள், தொடைக்கு அடியிலிருந்த அவன் கையைத் தேடிப் பிடித்து, எலும்பு நொறுங்குகிற மாதிரி இறுக்கினாள், அவளும் திரும்பவில்லை. இரண்டு பேரும் கொடியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த முகம் முதலில் பயந்தது. பிறகு யோசித்தது. பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, முன்பல் இல்லாத அந்த வாய் சிரிப்பில் விரிந்தது.